நீட் மாக் டெஸ்ட்டுக்கு பசங்கள ரெடி பண்றது எப்படி? ஒரு டியூசன் அக்காவோட முழு வழிகாட்டி

தண்டையார்பேட்டை பக்கம் ஒரு மொட்டை மாடி ரூம்ல சாயந்திரம் பிளஸ் டூ பசங்களுக்கு டியூசன் எடுக்குறேன். முதல் தடவ மாக் டெஸ்ட், அதாவது நிஜ நீட் மாதிரியே ஒரு ஒத்திகை, வெச்சப்போ கொஸ்டின் பேப்பர ஜெராக்ஸ் எடுத்து குடுத்தா வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சேன். 22 பசங்க உக்காந்தாங்க, ஒன்றரை மணி நேரத்துல பாதி பேர் தலைய பெஞ்சு மேல சாச்சுட்டாங்க, ஏழு பேரோட ஓஎம்ஆர (விடைக்கான வட்டத்த பேனாவால நெரப்புற ஷீட்) திருத்தவே முடியல. யாருக்கு என்ன தெரியும்னு அந்த பேப்பர வெச்சு ஒண்ணுமே சொல்ல முடியல.

அதுக்கப்புறம் புதுசா மாக் டெஸ்ட் நடத்துற தம்பி தங்கச்சிங்க நெறய பேர பாத்துட்டேன், எல்லாரும் அதே எடத்துல தான் வழுக்கி விழறாங்க. பாடத்துக்கு மாசக்கணக்குல நேரம் குடுப்பாங்க, அந்த மூணு மணி நேரத்துக்கு பசங்கள பழக்க ஒரு நாள் கூட குடுக்க மாட்டாங்க. கீழ இருக்குற வரிசைய மாத்தாம செஞ்சு பாருங்க.

1. தேதியும் நேரமும் முதல்ல, பேப்பர் அப்புறம்

நீட் மதியம் 2 மணிக்கு ஆரம்பிச்சு 5 மணிக்கு முடியும், 1.30க்கு மேல கேட்டுக்குள்ள விட மாட்டாங்க. அதனால மாக் டெஸ்ட்டும் 2 டு 5 தான் வைக்கணும். காலைல ஃப்ரெஷ்ஷா இருக்கும்போது வெச்சா நல்லா எழுதுவாங்கன்னு சொல்றவங்க உண்டு, எழுதுவாங்க தான், ஆனா நமக்கு தெரிய வேண்டியது சாப்ட்டு முடிச்சு தூக்கம் சொக்குற நேரத்துல அவங்க மூள எப்படி ஓடுதுன்னு.

எங்க ஏரியாவுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. ஞாயித்துக்கிழமை காலைல காசிமேடு மார்க்கெட் எப்படி இருக்கும்னு தெரியும்ல, எங்கிட்ட படிக்கிற பசங்கள்ல நாலஞ்சு பேர் அம்மா கூட மீன் கூடை தூக்க, ஐஸ் எடுக்க போயிட்டு தான் வருவாங்க. காலைல 9 மணிக்கு டெஸ்ட் வெச்ச அன்னிக்கு அவங்க யாருமே வரல, வராதவங்கள நான் வேற கத்தி வெச்சேன், இப்ப நெனச்சா சங்கடமா இருக்கு. மதியம் மாத்துனதும் குளிச்சிட்டு சாப்ட்டுட்டு கரெக்ட்டா வந்துட்டாங்க.

பிளஸ் டூ பப்ளிக் மார்ச்ல வருது, அதனால பிப்ரவரில ஃபுல் டெஸ்ட் வெக்காதீங்க, ரெண்டும் கெட்டு போயிடும். ஜனவரி வரைக்கும் மாசத்துக்கு ஒண்ணு, பப்ளிக் முடிஞ்சதும் மே மாச ஆரம்பம் வரைக்கும் வாரத்துக்கு ஒண்ணு, முடிஞ்சா ரெண்டு. செலவுக்கு பசங்ககிட்ட ஏதாவது வாங்குறதா இருந்தா அதையும் முன்னாடியே வாங்கிடுங்க, ஏன்னா ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், படகு கடலுக்கு போகாத நேரத்துல போயி ஜெராக்ஸ் காசு கேட்டா எந்த வீட்ல இருக்கும்?

2. டெஸ்க் இருக்குற ரூம் பிடிங்க

தரையில உக்காந்து மடியில பேடு வெச்சு எழுதுறது வேற, டெஸ்க்ல கொஸ்டின் புக்லெட்டையும் ஓஎம்ஆரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு மாறி மாறி பாக்குறது வேற. எக்ஸாம் பேடு நீட்டுக்கு எடுத்துட்டு போகவும் முடியாது. கவர்மென்ட் ஸ்கூல் ஹெச்.எம். கிட்ட லெட்டர் குடுத்து கேட்டா லீவு நாள்ல ஒரு கிளாஸ் ரூம் திறந்து விட சான்ஸ் இருக்கு, இல்லன்னா சர்ச் ஹால், சங்க கட்டடம்னு கேட்டு பாருங்க. பெஞ்சுக்கு ரெண்டு பேர், ரெண்டு ஓரத்துலயும்.

சத்தம் இல்லாத எடம் தேடி அலையாதீங்க. ஆடி மாசம்னா கூழ் ஊத்துற ஸ்பீக்கர், மத்த மாசத்துல கல்யாண செட்டு, சாவு மேளம், டிஹெச் ரோட்ல கன்டெய்னர் லாரி ஹாரன், நம்ம ஏரியால இது இல்லாத நாளே கெடையாது. அந்த சத்தத்துல மூணு மணி நேரம் எழுதி பழகுன பொண்ணுக்கு எந்த சென்டரும் அமைதியா தான் தெரியும். ஃபேன் மட்டும் ஓடுதான்னு முந்தின நாளே பாத்துக்கோங்க.

3. எந்த பேப்பர் எடுக்குறதுன்னு பாத்து எடுங்க

இப்ப இருக்குற பேட்டர்ன், 2025ல வந்தது: 180 கேள்வி, 180 நிமிசம், 720 மார்க். பிசிக்ஸ் 45, கெமிஸ்ட்ரி 45, பயாலஜி 90. எல்லாமே கட்டாயம், சாய்ஸ் கெடையாது. சரியா இருந்தா 4, தப்பா இருந்தா ஒண்ணு போகும்.

புதுசா நடத்துறவங்க பழைய பேப்பர நெட்ல எடுத்து அப்படியே பிரிண்ட் போட்டுடுவாங்க. 2021லிருந்து 2024 வரைக்கும் வந்த பேப்பர்ல 200 கேள்வி இருக்கும், செக்சன் பி-ல 15க்கு 10 எழுதுற சாய்ஸ் இருக்கும். அத அப்படியே குடுத்தா இல்லாத சாய்ஸ்க்கு பசங்க பழகிடுவாங்க. ஒவ்வொரு செக்சன் பி-லயும் அஞ்சு கேள்விய அடிச்சிட்டு நம்பர் மாத்தி டைப் பண்ணுங்க, இல்லன்னா 2017லிருந்து 2020 வரைக்கும் உள்ள பேப்பர எடுங்க, அது 180 தான், தமிழ்லயும் இருக்கும்.

ஆனா அதுலயும் ஒரு வேலை பாக்கி. 2024ல சிலபஸ் கொறச்சாங்க, கெமிஸ்ட்ரில சாலிட் ஸ்டேட், சர்ஃபேஸ் கெமிஸ்ட்ரி, பாலிமர்ஸ் எல்லாம் போயிடுச்சு. பழைய பேப்பர்ல அந்த கேள்விங்க இருக்கும், அத எடுத்துட்டு வேற கேள்வி போடணும். ஒரு தடவ நான் கவனிக்காம விட்டுட்டேன், ஒரு பையன் பாலிமர் கேள்வி தெரியலன்னு டெஸ்ட் முடிஞ்சதும் ராத்திரி முழுக்க அந்த சாப்டர் படிச்சிருக்கான், பாவம்.

தமிழ் மீடியம் பசங்களுக்கு தமிழும் இங்கிலீஷும் சேந்து இருக்குற பேப்பர் தான் குடுக்கணும். நிஜ எக்ஸாம்லயும் தமிழ் கேட்டவங்களுக்கு ரெண்டும் சேந்த புக்லெட் தான் வரும், மொழிபெயர்ப்புல சந்தேகம் வந்தா இங்கிலீஷ் தான் ஃபைனல்னு ரூல். அப்ளிகேசன்ல எந்த மொழி போட்டாங்களோ அதான், சென்டர்ல போயி மாத்த முடியாது. தமிழ்ல கேள்வி புரியலன்னா கண்ண இங்கிலீஷ் பக்கம் திருப்புற பழக்கம் தானா வராது, பழக்கணும். பயாலஜில 'உட்கரு', பிசிக்ஸ்ல 'அணுக்கரு', ரெண்டுக்கும் இங்கிலீஷ்ல நியூக்ளியஸ் தான். இந்த மாதிரி ஜோடிங்கள ஒரு சின்ன நோட்ல எழுத சொல்லுங்க, ஒரு நாளைக்கு பத்து போதும்.

4. பாடத்துக்கு முன்னாடி ஓஎம்ஆர்

இத தான் எல்லாரும் தாண்டி போறாங்க, இங்க தான் மார்க்கும் போகுது.

மொத வேலை, கேள்வியே இல்லாம வெறும் ஓஎம்ஆர் ஷீட்ட மட்டும் குடுங்க. நீங்க முன்னாடி நின்னு "ஒண்ணு மூணு, ரெண்டு ஒண்ணு, மூணு நாலு"ன்னு ஆன்சர வாசிங்க, அவங்க ஷேட் பண்ணட்டும், மொபைல்ல டைம் பாருங்க. புது பசங்க ஒரு வட்டத்துக்கு பத்து செகண்ட் எடுப்பாங்க, கோலத்துக்கு கலர் குடுக்குற மாதிரி அழகா ஓரம் கட்டி நெரப்புவாங்க. பத்து செகண்ட்னா 180 வட்டத்துக்கு அரை மணி நேரம். அத அஞ்சு செகண்டா கொறச்சா கால் மணி நேரம் கையில மிச்சம், பிசிக்ஸ்ல ஏழெட்டு கணக்கு போடலாம். ரெண்டு மூணு நாள் பத்து பத்து நிமிசம் பண்ணா போதும், வந்துடும்.

பேனா பிளாக் பால் பாயின்ட் தான். நிஜ எக்ஸாம்ல பேனாவ அவங்களே தருவாங்க, அது எப்படி எழுதுமோ தெரியாது, அதனால வீட்ல ஜெல் பேனால ஓட்டுன பசங்கள சாதாரண பால் பேனாவுக்கு மாத்துங்க. அழிக்க முடியாது, ஒயிட்னர் கூடாது, ரெண்டு வட்டம் நெரப்புனா அது தப்பு தான்.

அடுத்தது, எப்ப ஷேட் பண்றதுன்னு ஒரே ஒரு முறைய முடிவு பண்ணி கடைசி வரைக்கும் அத மாத்தாம வெச்சுக்கணும். எல்லாத்தையும் போட்டுட்டு கடைசில மொத்தமா ஷேட் பண்றது வேணவே வேணாம், நேரம் முடிஞ்சு பெல் அடிச்சா கையில ஆன்சர் இருக்கும் ஷீட்ல இருக்காது. ஒவ்வொரு கேள்விக்கும் ஷீட்டுக்கு தாவுறதும் நேரம் தின்னும். நான் பழக்குறது, புக்லெட்ல ஒரு பக்கம் முடிஞ்சதும் அந்த பக்கத்துல போட்டத மட்டும் ஷேட் பண்றது. ஷேட் பண்ணும்போது கேள்வி நம்பர வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே பண்ணணும்.

ஏன்னு கேட்டா, ஒரு பொண்ணு 37வது கேள்விய விட்டுட்டு 38க்கு போனா, ஆனா ஷீட்ல 38 ஆன்சர 37ல வெச்சுட்டா. அங்கேந்து எல்லாம் ஒண்ணு ஒண்ணு தள்ளி போச்சு. 64ல ஏதோ சந்தேகம் வந்து திரும்பி பாத்தா. நான் பின்னாடி தான் நின்னுட்டு இருந்தேன், அவ கழுத்து பின்பக்கம் வேர்த்து ஊத்துது, பேனாவ மூடி மூடி திறக்குறா, "அக்கா, புது ஷீட் தருவீங்களா கா"ன்னு மெதுவா கேட்டா. நான் தரல. அன்னிக்கு அழுதா, ஆனா அதுக்கப்புறம் நம்பர் முணுமுணுக்காம அவ ஒரு வட்டம் கூட நெரப்புனது இல்ல.

இன்னொரு சூப்பரான தப்பு இருக்கு. பப்ளிக் எக்ஸாம்ல ஆப்ஷன் அ, ஆ, இ, ஈ. நீட்ல 1, 2, 3, 4. கணக்கு போட்டு விடை 2ன்னு வரும், அந்த 2 நாலாவது ஆப்ஷன்ல இருக்கும், நம்ம ஆளு போயி ரெண்டாவது வட்டத்த நெரப்பிட்டு வருவான். கணக்கு சரி, மார்க் மைனஸ். இதுக்குன்னே விடை 1லிருந்து 4க்குள்ள வர்ற கணக்கா இருபது எடுத்து ஒரு குட்டி டெஸ்ட் வெச்சேன், பாதி பேர் மாட்டுனாங்க.

5. மூணு மணி நேரத்த ஒரேடியா திணிக்காதீங்க

பிளஸ் டூ பிசிக்ஸ் பேப்பர்ல ஒரு மார்க் கேள்வி 15 தான். அதுலேந்து வந்த பசங்களுக்கு திடீர்னு 180 கேள்விய நீட்டுனா பேஜாரா தான் இருக்கும். முதல் வாரம் 45 கேள்வி 45 நிமிசம், ஒரே பாடம். அடுத்தது 90 கேள்வி ஒன்றரை மணி நேரம். அதுக்கப்புறம் தான் ஃபுல். நடுவுல எழுந்திரிக்காம உக்காற்றதும் இதுல தான் பழகும், முக்கியமா தண்ணி எப்ப குடிக்கணும், பாத்ரூம் எப்ப போகணும்ங்குறது. பொண்ணுங்க பாத்ரூம் போக வேண்டியிருக்கும்னு தண்ணியே குடிக்காம வர்றாங்க, மே மாச வெயில்ல அது ஆபத்து, அத ஓப்பனா பேசிடுங்க.

6. எந்த பாடம் முதல்ல, எத விடணும்

பேப்பர் எந்த வரிசைல வந்தாலும் நம்ம வரிசை நம்மளோடது. எங்க பசங்களுக்கு நான் சொல்றது பயாலஜி 50 நிமிசம், கெமிஸ்ட்ரி 50, பிசிக்ஸ் 60, மிச்சம் 20 நிமிசம் விட்டத திரும்பி பாக்க. பயாலஜி பெரும்பாலும் படிச்சது ஞாபகம் இருக்கா இல்லையாங்குறது தான், யோசிச்சா புதுசா ஒண்ணும் வராது, சீக்கிரம் முடியும், தெம்பும் வரும். பிசிக்ஸ முதல்ல எடுத்தவங்க ஒரே கணக்குல எட்டு நிமிசம் மாட்டிக்கிட்டு மத்த ரெண்டையும் பதட்டத்துல போடுறத நெறய பாத்துட்டேன். 2025 பிசிக்ஸ் எவ்ளோ கஷ்டமா வந்துச்சுன்னு எழுதுன யார வேணா கேளுங்க. ஆனா கணக்குல கில்லியா இருக்குற பையன் கெமிஸ்ட்ரில ஆரம்பிக்கிறேன்னு சொன்னா விடுங்க, ரெண்டு மாக் டெஸ்ட்ல ரெண்டு வரிசையையும் போட்டு பாத்து அவனே முடிவு பண்ணட்டும். மூணாவதுக்கு மேல மாத்தக்கூடாது.

ஒரு கேள்விய ஒரு தடவ படிச்சதும் மூணுல ஒண்ணா பிரிக்கணும்: இப்பவே போடலாம், நேரம் இருந்தா போடலாம், நமக்கு இல்ல. ரெண்டாவது வகைக்கு புக்லெட்ல நம்பர் மேல ஒரு வட்டம், மூணாவதுக்கு பெருக்கல் குறி. ரஃப் வொர்க்கும் புக்லெட்லயே தான், ஓஎம்ஆர்ல ஒரு கோடு கூட விழக்கூடாது.

நெகட்டிவ் மார்க் பத்தி ரெண்டு பக்கமும் தப்பா சொல்லி குடுக்குறாங்க. "தெரியலன்னா தொடவே தொடாத"ன்னு சிலர், "எல்லாத்தையும் அடிச்சு விடு"ன்னு சிலர். கணக்க போட்டு காட்டுங்க. சுத்தமா தெரியாத 20 கேள்விய குருட்டாம்போக்குல போட்டா சராசரியா 5 சரி, 15 தப்பு, 20 மைனஸ் 15, கெடைக்கிறது 5 மார்க், அதுவும் அதிர்ஷ்டம் கைவிட்டா மைனஸ்ல போகும். அதே 20ல ரெண்டு ரெண்டு ஆப்ஷன நிச்சயமா அடிக்க முடிஞ்சா 10 சரி, 10 தப்பு, 30 மார்க். அதனால என் ரூல், ரெண்டு ஆப்ஷன காரணத்தோட அடிக்க முடிஞ்சா போடு, இல்லன்னா விட்டுடு. "காரணத்தோட"ங்குறது முக்கியம், ஏன்னா அரைகுறையா படிச்சவன் எத அடிப்பான்னு தெரிஞ்சு தான் ஆப்ஷனே செட் பண்றாங்க.

"தவறான கூற்று எது"ன்னு வந்தா 'தவறான'ங்குற வார்த்தைய அடிக்கோடு போடாம ஆப்ஷன் பக்கம் போகவே கூடாது. கூற்று காரணம் கேள்விக்கு முதல்ல ரெண்டும் தனித்தனியா சரியான்னு பாத்துட்டு தான் காரணம் கூற்றுக்கு விளக்கமான்னு பாக்கணும்.

7. டெஸ்ட் அன்னிக்கு

12 மணிக்கு சாப்பாடு, சாம்பார் சாதம் தயிர் சாதம் மாதிரி லேசா. பிரியாணி வேணாம்னு அம்மாங்க கிட்ட நேராவே சொல்லுங்க, புள்ள பரீட்சைக்கு போகுதுன்னு ஸ்பெசலா செஞ்சு குடுத்துடுவாங்க.

1.30க்கு கதவ மூடுங்க. 1.35க்கு வந்தவங்கள உள்ள விடாதீங்க, இது தான் ரொம்ப கஷ்டமான வேலை. கொருக்குப்பேட்ட ரயில்வே கேட்ட மூடிட்டாங்கன்னு மூச்சு வாங்க ஒரு பையன் வந்து நின்னான், "போன தடவ விட்டீங்களே கா"ன்னான். போன தடவ விட்டது தான் தப்பு. வெளிய உக்காந்து எழுத வெச்சேன், ஆனா ரேங்க் லிஸ்ட்ல சேக்கல.

அரைக்கை டிரெஸ், காலுக்கு செருப்பு தான், ஷூ கூடாது, வாட்ச் கூடாது, உள்ள இருக்குறது வெளிய தெரியுற வாட்டர் பாட்டில். ஹால் டிக்கெட் மாதிரி ஒரு தாள் நீங்களே அடிச்சு குடுங்க, போட்டோ ஒட்டி, ஏதாவது ஐடியோட எடுத்துட்டு வரணும். மறந்தவங்க பேர எழுதி வைங்க, அதே ஆளுங்க அடுத்த தடவயும் மறப்பாங்க.

புக்லெட்ல இருக்குற கோட் நம்பரும் ஓஎம்ஆர்ல இருக்குற கோட் நம்பரும் ஒண்ணான்னு பாக்குறது தான் அவங்க முதல் வேலை. இதுக்காக ரெண்டு மூணு பேருக்கு வேணும்னே மாத்தி குடுப்பேன். கையத் தூக்கி சொல்றவங்க எத்தன பேர்னு பாருங்க, முதல் தடவ ஒருத்தர் கூட சொல்லல.

நடுவுல அட்டெண்டன்ஸ் ஷீட்ட கொண்டு போயி கையெழுத்து வாங்குங்க, அதுவும் பிசிக்ஸ் நடுவுல. அங்கயும் அப்படி தான் வருவாங்க, கவனம் போயிட்டு திரும்பி வர்ற பழக்கம் வேணும். உள்ளங்கை வேர்க்குறவங்க கர்ச்சீப்ப கைக்கு கீழ வெச்சு பழகுவாங்க, ஆனா அங்க கர்ச்சீப் விடுவாங்கன்னு நம்பாம, ஷீட்டு மேல புக்லெட்ட வெச்சு அது மேல கைய வெக்க சொல்லி குடுங்க.

5 மணிக்கு பேனா கீழ. "அக்கா ஒரு நிமிசம் கா" கெடையாது.

8. திருத்துறது அன்னிக்கே, அலசுறது மறுநாள்

கொஸ்டின் புக்லெட்ட வீட்டுக்கு குடுத்து அனுப்புங்க, ஓஎம்ஆர் மட்டும் நம்மகிட்ட. ஆன்சர் கீய நீங்க ஒரு தடவ, வேற ஒருத்தர் ஒரு தடவ போட்டு சரி பாத்துட்டு தான் திருத்தணும். ஒரு தப்பான கீ வந்தா பசங்க அடுத்த பத்து கீயையும் நம்ப மாட்டாங்க.

மார்க்க சத்தமா படிக்காதீங்க. மறுநாள் ஒவ்வொருத்தரும் தப்பான கேள்வி பக்கத்துல ஒரு எழுத்து போடணும். 'தெ' தெரியாதது. 'க' கணக்குல, யூனிட்ல சொதப்புனது. 'ப' கேள்விய தப்பா படிச்சது. 'ஷ' ஷேட் பண்றதுல போனது. அப்புறம் எண்ண சொல்லுங்க. எங்கிட்ட 310 மார்க் வாங்குன ஒரு பையனுக்கு க, ப, ஷ மூணும் சேந்து 14 கேள்வி. ஒரு தப்புக்கு வர வேண்டிய 4ம் போகுது, கையில இருக்குற 1ம் போகுது, 14 அஞ்சு 70. புதுசா ஒரு பக்கம் படிக்காம 380 வாங்கியிருக்கலாம்னு அவனே போர்டுல எழுதி பாத்தான். 'தெ' போட்டதுக்கு மட்டும் என்சிஇஆர்டி புக்க தொறந்து அந்த பத்தி எங்க இருக்குன்னு பக்க நம்பரோட தப்பு நோட்ல எழுதணும், முழு சாப்டரும் திரும்ப படிக்க வேணாம்.

புதுசா நடத்துறவங்க இந்த நாள சாப்ட்டுட்டு அடுத்த மாக் டெஸ்ட்டுக்கு ஓடிடுவாங்க. அலசாம பத்து டெஸ்ட் எழுதுனவன விட அலசி நாலு எழுதுனவன் மேல போறத தான் நான் பாத்திருக்கேன்.

9. கடைசி வாரம்

எக்ஸாமுக்கு அஞ்சு நாள் முன்னாடியோட ஃபுல் டெஸ்ட்ட நிறுத்திடுங்க. கடைசி டெஸ்ட்ல மார்க் கொறஞ்சா அத சரி பண்ண நேரம் வேணும்ல. அதுக்கப்புறம் தப்பு நோட்டு, தமிழ் இங்கிலீஷ் சொல் நோட்டு, தெனம் மதியம் 2 மணிக்கு 45 கேள்வி, அவ்ளோ தான்.

ஹால் டிக்கெட் வந்ததும் சென்டர் எங்கன்னு பாத்து ஒரு தடவ போயிட்டு வர சொல்லுங்க, அதே நேரத்துல, அதே வண்டில. விம்கோ நகர்லேந்து மெட்ரோ இருக்குறதால திருவொத்தியூர், தண்டையார்பேட்ட பசங்களுக்கு சவுத் சைடு சென்டர் விழுந்தாலும் பிரச்சன இல்ல. வியாசர்பாடி பசங்க, மழ பெஞ்சா கணேசபுரம் சப்வேய நம்பாம வேற ரூட் பாத்து வெச்சுக்கணும். கொருக்குப்பேட்டலேந்து ஆட்டோல போறவங்க, ரயில்வே கேட்டுக்கு இந்த பக்கம் ஏறாதீங்க, நடந்து தாண்டிட்டு அந்த பக்கம் போயி ஏறுங்க.